கடலில் மறைந்த குரல்

சாவாத காதலை இருண்ட மெட்டில் உருகியுருகிப் பாடும் கொரியப் பாட்டுக்களுக்கு இன்று உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. அந்தப் பாட்டுக்களுக்கெல்லாம் பாட்டி என்று சொல்லத்தக்க ஒரு பாட்டு 1926-ஆம் ஆண்டில் பிறந்தது. ‘மரணத் துதி’ என்று அதன் பெயர்.

பாடியவர் யுன் சிம்-தோக் அம்மையார். 1897-இல் பியாங்யாங் நகரில் பிறந்து, தோக்கியோவில் மேனாட்டுச் சங்கீதம் முறையாகப் பயின்றவர். கொரியா அப்பொழுது ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. இசைத்தட்டுப் பதிவு நடந்ததும் ஜப்பானிலுள்ள ஒஸாகாவில்தான். தங்கை பியானோ வாசிக்க, தமக்கை பாடினார். மெட்டு இரவல் மெட்டு. இவானோவிச்சி என்ற ருமேனிய வாத்திய கோஷ்டித் தலைவர் 1880-இல் இயற்றிய ‘டான்யூப் அலைகள்’ என்ற நடன மெட்டு அது. துள்ளிச் செல்லவேண்டிய அதனை அம்மையார் தயங்கித் தயங்கி நடக்க வைத்தார்.

பதிவு முடிந்ததும் தாய்நாடு திரும்பக் கப்பலேறினார். உடன் சென்றவர் கிம் ஊ-ஜின் என்ற நாடகாசிரியர்; ஊரில் மனைவி மக்கள் உள்ளவர். ஷிமோனோசெகியிலிருந்து பூசானுக்குச் சென்ற அக்கப்பலில், ஆகஸ்டு 4-ஆம் தேதி விடியுமுன் இருவரையும் காணவில்லை. உடல்கள் அகப்படவேயில்லை. காதலர் இருவரும் கடலில் வீழ்ந்து மாண்டனர் என்று பத்திரிகைகள் எழுதின. இல்லை, இத்தாலியில் வாழ்கின்றனர் என்று ஒரு வதந்தியும் கிளம்பிற்று. இசைத்தட்டோ அமோகமாக விற்றது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் பாட்டில் காதல் என்ற பேச்சே கிடையாது! காதலனும் இல்லை, பிரிவும் இல்லை. வாழ்வு வெறுமை என்ற விசாரம் மட்டுமே இருக்கிறது. பட்டினத்தார் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். கப்பலின் கதையை அறிந்துகொண்டு கேட்ட ஜனங்களே அதைக் காதற்பாட்டு ஆக்கினார்கள். இதே மெட்டு 1946-இல் ‘ஜால்சன் கதை’ என்ற அமெரிக்கப் படத்தில், கல்யாண நாளை நினைந்து மகிழும் பாட்டாக வந்தது. மெட்டு ஒன்றுதான், கேட்பவர் நெஞ்சில் இருக்கும் கதைதான் வேறு.

கொரியாவில் இக்கதை 1991-இல் திரைப்படமாயிற்று. 2018-இல் தொலைக்காட்சி நாடகமாகவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் காதல் மீண்டும் உயிர்பெற்று எழுகிறது. பார்ப்பவர்கள் கண்ணீர் விடுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கண்ணீரில் சாவு அழகாகத் தெரிந்துவிடலாகாது. இருவருக்கும் அப்பொழுது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் பாடியிருக்கக்கூடிய பாட்டுக்களும், இவர் எழுதியிருக்கக்கூடிய நாடகங்களும் அன்றிரவே கடலோடு போயின. தகப்பன் வருவான் என்று ஒரு வீட்டில் குழந்தைகள் காத்திருந்தன. நம் கண்ணீரில் ஒரு துளி அவர்களுக்கும் உரியது.

இசைத்தட்டைக் கேளுங்கள், நல்ல சாரீரம். இத்தனை அருமையாகப் பாடியவர் இன்னும் முப்பது வருஷம் பாடியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.