திராய் நகரின் சபையும் அஸ்தினாபுரத்தின் சபையும்

கிரேக்க வீரகதைகள் மீண்டும் எழுதப்படும் காலமிது. மார்கரெட் அட்வுட் 2005இல் ஒடிசியஸின் மனைவி பெனலப்பியைத் தன் கதையைத் தானே சொல்லவைத்தார். மேடலின் மில்லரின் 'அகில்லீஸின் பாடல்' 2011இல் வெளிவந்து மறு ஆண்டில் ஆரஞ்சுப் பரிசு பெற்றது. ஹோமரின் இலியட்டில் ஒரேயொரு முறை, அதுவும் ஒப்பாரியாக மட்டும், பேச அனுமதிக்கப்பட்ட பிரைசிஸ் என்னும் சிறைப்பெண்ணை பேட் பார்க்கர் 2018இல் தம் நாவலின் குரலாக்கினார். எங்கள் நண்பர்களுள் சிலர் இந்நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து வருகின்றனர். வேறு சிலரோ, "கண்ணகியும் பாஞ்சாலியும் இருக்க, நமக்கு யவனப் பெண்கள் எதற்கு?" என்று கேட்கின்றனர்.

இவ்விரு தரப்பாரும் ஒன்றை மறந்துவிட்டனர் என்பது எங்கள் எண்ணம். கிரேக்க வீரகதையை நவீன மனத்தோடு மறுபடியும் சொல்லும் முயற்சி லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ இப்போதுதான் நமக்கு இறக்குமதியாகவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நாம் அன்றாடம் நடந்து செல்லும் இந்தப் புதுச்சேரித் தெருக்களில் அது நடந்திருக்கிறது. நாம்தாம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அரவிந்தரைச் சொல்கிறோம். யோகி என்றும் தத்துவஞானி என்றும் அவரை அறிந்த அளவுக்குக் கிரேக்கம் கற்ற கவிஞராக நாம் அறிந்ததில்லை. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்று, அம்மொழிகளில் கவிதை இயற்றிப் பரிசு பெற்றவர் அவர். 1907இல் 'வந்தே மாதரம்' வார இதழில் தொடராக வந்த அவருடைய 'பெர்சியூஸ்' நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய கதையில் ஆண்ட்ரோமிடா தன் தாயின் செருக்குக்காகப் பாறையில் கட்டப்பட்டு, வீரன் வரும்வரை காத்திருக்கும் பேதைப்பெண். அரவிந்தரின் நாடகத்திலோ, கப்பலுடைந்து கரையொதுங்கிய அந்நியரைக் கடல்தெய்வத்துக்குப் பலியிடுவதைப் பொறாமல் அவர்களை விடுவிக்கிறாள், அதற்காகவே தண்டிக்கப்படுகிறாள். துன்பத்துக்கு ஆளாகுபவளைச் செயலுக்கு உரியவளாக்குவதுதான் இன்றைய மறுகூறல்களின் பெருமை எனில், அப்பெருமை 1907லேயே எட்டப்பட்டுவிட்டது.

இதைவிடப் பெரிய முயற்சி 'இலியன்' என்னும் ஆங்கிலக் காவியம். 1909இல் அலிப்பூர்ச் சிறையில் தொடங்கியதென்றும், புதுச்சேரியில் 1910 ஏப்ரல், மே மாதங்களில் தொடர்ந்ததென்றும் கையெழுத்துப் படியில் அவரே குறித்திருக்கிறார். அவர் இவ்வூரில் வந்திறங்கியது அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள். ஆங்கிலேய ஒற்றர்களின் கண் தம்மேல் இருக்க, தலைமறைவாக வந்து சேர்ந்த ஒருவர் முதல் மாதத்திலேயே கையிலெடுத்த வேலை திராய் நகரின் அழிவைப் பாடுவது! பின்னும் சில ஆண்டுகள் அதை விரித்தும் திருத்தியும் வந்தார். எட்டுப் பருவங்கள் முடிந்தன; ஒன்பதாவது பாதியில் நின்றது. தொடக்கப்பகுதி மட்டும் 1942இல் அச்சேறியது. முழுமையும் நூலானது அவர் மறைவுக்குப் பின், 1957இல்.

காவியத்தின் காலம் ஒரே நாள். ஹெக்டர் மாண்டுவிட்டான். பெந்தெசிலியா என்னும் வீராங்கனை திராய்க்குத் துணையாக வந்திருக்கிறாள். விடியலில் அகில்லீஸின் தூதன் நகர்வாயிலை அடைகிறான். ஹெலனைத் திருப்பியனுப்புங்கள், இளவரசி பொலிக்சீனாவை எனக்கு மணமுடித்துத் தாருங்கள், கிரேக்கத்தின் மேலாண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள். போர் நின்றுவிடும் என்பது செய்தி. திராய் மக்கள் சபை கூடுகிறார்கள். முதியவன் அந்தீனர் எழுந்து, இப்போது பணிவோம், காலம் மாறும்வரை பொறுத்திருப்போம் என்கிறான். லாவோக்கூனும் பாரிஸும் அதை மறுத்துப் போரை வேண்டுகின்றனர். சபை போரையே தேர்கிறது.

இந்தச் சபையை எழுதியவர் யாரென்று எண்ணிப்பாருங்கள். 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரத் தேசியவாதிகள் என இரண்டாக உடைந்தபோது தீவிரத் தேசியவாதிகளின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். "பணிவோம், பொறுத்திருப்போம்" என்ற குரலோடு வாழ்நாளெல்லாம் பொருதியவர். அவர் எளிதில் அந்தீனரைக் கோழையாகவோ கோமாளியாகவோ ஆக்கியிருக்கலாம். ஆக்கவில்லை. காவியத்தின் மிக நிதானமான, மிகக் கூர்மையான பேச்சுகளுள் ஒன்றை அவனுக்கே அளித்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகும் மக்கள் போரைத் தேர்கிறார்கள். அதன் விலை என்னவென்று வாசகனுக்குத் தெரியும். தம் கட்சிக்கு எதிரான வாதத்தை இவ்வளவு நேர்மையாகப் பேசவிட்ட அரசியல் கவிஞர்கள் எத்தனை பேர்?

இப்போது அதே ஊரில் மற்றொரு வீட்டுக்குப் போவோம். 1908இலேயே இங்கு வந்து சேர்ந்துவிட்ட பாரதி, வியாசர் சொன்ன கதையைப் புதிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் காலமான பின் 1924இல் வந்தது. அங்கும் நடுவில் இருப்பது ஒரு சபைதான். பாஞ்சாலி நியாயம் கேட்கிறாள். வீட்டுமர் சாத்திரத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறார். அவளைத் தெருவழியே இழுத்துச் செல்லும்போது வேடிக்கை பார்த்து நின்ற ஊர்மக்களைக் கவிஞர் கதையை நிறுத்திவிட்டுத் தாமே ஏசுகிறார். அந்த ஏச்சு அஸ்தினாபுரத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பது படிப்பவர்க்குத் தெரியும்.

ஒரே சிற்றூர், ஒரே ஆண்டுகள். இணைந்து வேதம் பயின்ற இரு நண்பர்கள். ஒருவர் யவனக் கதையையும் மற்றவர் பாரதக் கதையையும் எடுத்து, இரண்டிலும் சபையையே நடுநாயகமாக வைத்தது தற்செயல் என்று எங்களால் கருத இயலவில்லை. தம் நாட்டைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் சபை இல்லாத மக்களின் கவிஞர்கள் அவர்கள். கூடிப் பேசும் உரிமை மறுக்கப்பட்டவர்கள் அதைக் காவியத்துக்குள் கட்டிக்கொண்டார்கள். மறுகூறல் என்பது பழைய கதைக்குப் புதுச்சாயம் பூசுவதன்று. அன்று முடிந்துபோனதாகக் கருதப்பட்ட வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுப்பது. பிரைசிஸுக்கு நாவல் எழுதுவோரும் அதைத்தான் செய்கின்றனர்.

ஆனால் இருவரின் நூல்களுக்கும் நேர்ந்த கதி ஒன்றன்று. பாரதியின் சபையைப் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், மேடையில் நடிக்கிறார்கள். அரவிந்தரின் சபை தொகுதி நூல்களுக்குள் உறங்குகிறது. காரணத்தைப் பாரதியின் முன்னுரையிலேயே காணலாம்: எளிய பதம், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு என்று அவர் வகுத்துக்கொண்டார். அரவிந்தரோ ஹோமரின் ஆறுசீர் யாப்பான ஹெக்சாமீட்டரை ஆங்கிலத்துக்குள் கொணரும் பெருஞ்செயலில் இறங்கினார். ஆங்கிலேயக் கவிஞர்களே பலமுறை முயன்று இடறிய யாப்பு அது. அவ்வோசை இல்லையேல் காவியத்தின் கம்பீரமே இல்லை என்று எங்களுள் ஒருவர் வாதிடுகிறார். இருக்கலாம். ஆயினும் அவ்வோசையைக் கேட்கும் காது இவ்வூரில் எவரிடம் இருந்தது? கம்பனை ஹோமரோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஆய்வு செய்த வ.வே.சு. ஐயர் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் இருந்திருக்கலாம். தெருவில் போவோரிடம் இல்லை.

எனினும் பழியை யாப்பின்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. ஆன்மிகச் சாய்வுள்ளோர் 'சாவித்திரி'யைப் போற்றி இதைத் தாண்டிச் சென்றனர். இலக்கியச் சாய்வுள்ள நாமோ ஆசிரமத்து நூல் என்று ஒதுக்கினோம். திராய் நகரின் சபையில் நம் நாட்டின் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்ததை இரு சாராரும் கவனிக்கவில்லை.

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது யவன நாட்டு மதுச்சாடிகளின் சில்லுகள் கிடைத்தன. மது வந்த கப்பலில் அகில்லீஸின் கதையும் வந்ததா என்பதைச் சில்லுகள் சொல்வதில்லை. 1910இல் அக்கதை இங்கே வந்தது உறுதி. அதைத் தமிழுக்குள் இறக்கும் வேலைதான் மிச்சம்.

எங்கள் யோசனை இதுதான். 'இலியன்' காவியத்தின் சபைக்காட்சியை மட்டுமேனும் தமிழில் சொல்லிப் பார்க்கவேண்டும். அகராதி பார்த்துப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாக அன்று. சிந்தும் கும்மியும் கூத்தின் தருக்கமும் அறிந்த ஒருவர் கையால். புதுவையைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதியம்மன் விழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்க்கும் மக்களுக்கு, தோற்கப்போகும் ஒரு நகரம் கூடிநின்று வாதாடுவது அந்நியமாக இராது. பெயர்கள் மட்டும் சற்றே வாயில் இடறும். இரண்டாம் இரவில் அதுவும் பழகிவிடும்.

இதையெல்லாம் இப்படிச் செந்தமிழில் எழுதிவிட்டு எளிய நடையைப் பரிந்துரைப்பதன் முரண் எங்களுக்குத் தெரியாமலில்லை. எங்களால் இயன்றது பரிந்துரை. பாடக்கூடியவர் எவரேனும் நம்மிடையே இருப்பின், அந்தீனரின் பேச்சிலிருந்து தொடங்குவாராக. எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுதாகக் கேட்ட பிறகு முடிவெடுக்கும் சபை எப்படியிருக்கும் என்பதை நாம் காண வேண்டிய தேவை 1910இல் இருந்ததைவிட இன்று குறைந்துவிடவில்லை.