வேடத்தைக் கண்டு மயங்கியவர்கள்

கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவமாதாவாக நடித்தவளுக்கு அதன்பின் எங்கள் வகுப்பில் நிம்மதியே இல்லை. கணக்கில் மதிப்பெண் குறைந்தாலும், வரிசையில் பேசிவிட்டாலும், "மாதா இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டுக் கேட்டே அவளை அழவைத்துவிட்டோம். ஆம், நாங்கள்தாம். இப்படிப்பட்ட நாங்களா இந்தக் கட்டுரையை எழுதுகிறோம் என்று அவள் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

ஹாலிவுட்டிலும் ஒரு பெண்ணுக்கு இதே கதி நேர்ந்தது. ஆனால் அங்கே கேட்டது ஒரு வகுப்பு அல்ல, ஒரு நாடு.

1915ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் பிறந்த இன்கிரிட் பெர்க்மன் 1939இல் அமெரிக்கா வந்தார். பெயரை மாற்ற வேண்டும், புருவத்தைத் திருத்த வேண்டும், பற்களைச் சீர்செய்ய வேண்டும் என்றார் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக். இன்கிரிட் ஒன்றுக்கும் இணங்கவில்லை. செல்ஸ்னிக் கெட்டிக்காரர், அந்த மறுப்பையே விளம்பரமாக்கிவிட்டார். பூச்சில்லாத முகம், ஆகவே மாசில்லாத மனம் என்று மக்கள் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

1945இல் வந்த 'தி பெல்ஸ் ஆப் செயிண்ட் மேரீஸ்' படத்தில் அவர் பள்ளி ஒன்றை நடத்தும் கன்னியராக நடித்தார். மற்றவனிடம் அடிவாங்கி வந்த ஒரு சிறுவனுக்கு, புத்தகத்தைப் பார்த்துத் தாமே பழகிக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கும் காட்சி அதில் உண்டு. (நம் சகோதரிகள் யாரும் இதைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சி வகுப்புக்கு வந்துவிடக் கூடாதே என்பது எங்கள் கவலை.) 1948இல் புனித ஜோன் ஆப் ஆர்க்காகவும் நடித்தார். அவ்வளவுதான், அவரையே ஒரு புனிதையாக ஆக்கிவிட்டார்கள். 1941இல் 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் தமக்குக் கிடைத்த நல்ல பெண் வேடத்தை வேண்டாமென்று, மதுக்கடைப் பெண்ணின் வேடத்தைக் கேட்டு வாங்கி நடித்தவரும் இவர்தாம். அதை யார் நினைவில் வைத்திருந்தார்கள்?

1949இல் 'ஸ்ட்ராம்போலி' படத்துக்காக இத்தாலி சென்றார். இயக்குநர் ராபர்ட்டோ ரோஸலினியின் மேல் காதல் கொண்டார். இருவருமே மணமானவர்கள். 1950 பிப்ரவரியில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். மார்ச் 14ஆம் நாள் அமெரிக்க செனட் சபையிலேயே கொலராடோ உறுப்பினர் எட்வின் ஜான்சன் எழுந்து அவரைக் கடுமையாகச் சாடினார். நடிகர்களின் ஒழுக்கத்தைப் பார்த்து உரிமம் தர வேண்டும் என்று ஒரு மசோதாவையும் முன்வைத்தார், அது சட்டமாகவில்லை. ரோஸலினியையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ரோஸலினியை யாரும் முன்பு பீடத்தில் ஏற்றி வைக்கவில்லை. ஆகவே விழுவதற்கு அவருக்கு உயரமும் இல்லை.

நடந்தது சரியென்று வாதாட நாங்கள் வரவில்லை. திருமணத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் படித்ததை மறந்துவிடவும் இல்லை. முதல் கணவரிடம் விட்டுவந்த மகள் பியாவுக்கு அப்போது பத்து வயது. எங்கள் மனம் முதலில் அந்தச் சிறுமியிடம்தான் போகிறது. பின்னர் பல ஆண்டுகள் தாயும் மகளும் பிரிந்தே இருந்தார்கள். அதற்காக இன்கிரிட்டிடம் கோபப்பட எங்களுக்கு மனம் வருகிறது. ஆனால் அமெரிக்கா கோபப்பட்டது அந்தக் குழந்தைக்காகவா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தாங்கள் காசு கொடுத்துப் பார்த்த கன்னியர், கன்னியராக இல்லையே என்றுதான் கோபப்பட்டது. வேடத்தை நம்பியது இவர்கள். ஏமாற்றிய பழி மட்டும் அவருக்கு!

இத்தாலியில் ரோஸலினியுடன் அவர் எடுத்த படங்கள் அன்று ஓடவில்லை. அவற்றுள் ஒன்றான 'ஜர்னி டு இத்தாலி'யை இன்று விமர்சகர்கள் மிக உயர்வாகப் பேசுகிறார்கள். 1956இல் 'அனஸ்டேஷியா' வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதற்காக இரண்டாம் ஆஸ்கார் கிடைத்தது. அவர் விழாவுக்கு வரவில்லை. நடிகர் கேரி கிராண்ட் அவருக்காகப் பெற்றுக்கொண்டார். 1972இல் சார்லஸ் பெர்சி என்னும் செனட்டர், அன்றைய ஏச்சுக்கு வருத்தம் தெரிவித்துச் சபைக் குறிப்பேட்டில் பதியச் செய்தார். ஏசுவதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. வருத்தம் தெரிவிக்க 22 ஆண்டுகள்.

எங்களுக்கு அவரை மிகவும் பிடித்துப்போன இடம் 1975ஆம் ஆண்டு ஆஸ்கார் மேடை. மூன்றாம் பரிசை வாங்கிய கையோடு, இது வாலன்டினா கோர்டெசேவுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். 1982இல், தம் 67ஆம் பிறந்த நாளிலேயே, இலண்டனில் காலமானார்.

இவ்வாண்டு நாடகத்துக்கு ஆள் எடுத்தபோது, எங்கள் பழைய மாதா எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கி ஏரோது வேடம் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள். தாடியை அவளே செய்துகொண்டிருக்கிறாள்.