அணைக்கு அடிக்கணக்கு மட்டும் போதாது

பேச்சிப்பாறை அணைக்கு முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இந்த இரண்டு எண்களை ஒட்டியே நாஞ்சில் நாட்டின் நிம்மதியும் கவலையும் ஏறி இறங்குகின்றன. ஆனால் நாளிதழில் வரும் நீர்மட்டம் இன்றைய இருப்பைத்தான் சொல்கிறது, அதையும் அரைகுறையாக. பள்ளத்தாக்கை மறித்த அணையில் மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரியும். அடிமட்டத்து ஓர் அடியும் விளிம்பை ஒட்டிய ஓர் அடியும் ஒரே அளவு தண்ணீர் அல்ல. நாளை என்ன ஆகலாம் என்ற வாய்ப்புக் கணக்கையும் நீர்வளத்துறை சேர்த்து வெளியிட வேண்டும்.

அந்தக் கணக்குக்குக் கணிதம் இருக்கிறது. 1909இல் டென்மார்க்கின் எர்லாங், தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து வரிசைக் கோட்பாட்டுக்கு வித்திட்டார். 1954இல் ஆஸ்திரேலியக் கணிதர் பேட் மோரன், அணைகளுக்கான நிகழ்தகவுக் கோட்பாட்டை வகுத்தார். இரண்டுக்கும் நெருங்கிய உறவு: அணையில் வரிசையில் காத்து நிற்பது தண்ணீர். கால்வாய் வழியே அது சீராக வெளியேறுகிறது. வரவோ ஒரே இரவில் தாவிக் குதிக்கிறது. இங்கே சராசரி ஏமாற்றும். ஒரு பருவத்தின் மழை பத்துத் தவணையாகப் பெய்தால் அணை தாங்கிக்கொள்ளும். அதே மழை இரண்டே அடைமழையாகக் கொட்டினால் ஒருமுறை மறுகால் பாயும், இடையில் வறண்டும் போகும். மொத்த மழை ஒன்றுதான். விதியை எழுதுவது தாவலின் அளவு. பேச்சிப்பாறை கட்டி முடிந்த 1906இல் இந்தக் கணிதம் பிறந்திருக்கவில்லை. இன்று அந்தச் சாக்கு இல்லை.

நம் குமரி மாவட்டத்தில் சிக்கல் இன்னும் கூர்மையானது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் இங்கே உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகமும் உண்டு. கும்பப்பூவுக்காகத் தண்ணீரைச் சேர்க்க வேண்டிய அக்டோபர், நவம்பரில்தான் பெருந்தாவல்களும் வருகின்றன. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தது. 2021 நவம்பர் நடுவில் பெய்த மழையில் ஊர்கள் மூழ்கின, நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது. நிரம்பிய அணை அப்போது உழவருக்குச் செல்வம், குழித்துறை ஆற்றங்கரையில் இருப்பவருக்கு ஆபத்து.

மழையை நம்பி முன்கூட்டியே திறந்துவிட்டு, மழை பொய்த்தால் கடைவரம்பு வயல்கள் காயுமே என்பார்கள். நியாயமான அச்சம்; 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தையே கைவிட்டது. ஆனால் வாய்ப்புக் கணக்கு எப்போதும் திறக்கச் சொல்வதில்லை. இத்தனை இடம் காலியாக வைத்தால் வெள்ள ஆபத்து எவ்வளவு குறையும், வறட்சி ஆபத்து எவ்வளவு கூடும் என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் காட்டும். சில ஆண்டுகளில் ‘மூடியே வை’ என்றும் சொல்லும். பருவநிலை மாறும்போது பழைய மழைப்பதிவு எதற்கு உதவும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் அணைக்குக் குறித்துவைத்த நிலையான எச்சரிக்கை மட்டமும் பழைய அனுபவத்திலிருந்து வந்ததுதானே? கணக்கிலாவது பெரிய தாவல்களைப் புகுத்திச் சோதித்துப் பார்க்கலாம். எழுதிவைத்த ஓர் எண்ணை அப்படிச் சோதிக்க முடியாது. அனுபவமுள்ள பொறியாளர் போதும் என்பதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. அனுபவம் கடைசியாகப் பார்த்த வெள்ளத்தையே பெரிதாக நினைவில் வைத்திருக்கும், அவர் மாற்றலாகிப் போனால் கூடவே போய்விடும்.

இதற்குப் புதிய அணையோ பெருஞ்செலவோ தேவையில்லை. அடுத்த வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன், ஒவ்வோர் அணையிலும் மிச்சமுள்ள இடம், ஒரு வாரத்துக்குள் அது நிரம்பும் வாய்ப்பு, எந்த நிலையில் எவ்வளவு திறக்கப்படும் என்ற விதி ஆகிய மூன்றையும் நீர்மட்டத்தோடு சேர்த்து, பாசன சங்கங்களுக்கும் ஆற்றங்கரை ஊராட்சிகளுக்கும் தெரியும்படி நீர்வளத்துறை வெளியிடட்டும்.