வால் ஆட்டினால் மட்டும் போதுமா?

"அன்பான நாயாக இருந்தால் போதும், தெரபி நாய் ஆகிவிடலாம்" என்ற வாசகம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாய் வளர்ப்போர் வாயில் பல ஆண்டுகளாகச் சலிக்காமல் புழங்கி வருகிறது. தெரபி நாய் என்பது வீட்டில் வளரும் சாதாரண நாய்தான். அதன் உரிமையாளர் சம்பளம் வாங்காமல் அதை மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி, நூலகம் என்று அழைத்துப் போகிறார். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் சேவை நாய் ஒருவருக்காகவே பழக்கப்பட்டது. தெரபி நாயோ முன்பின் தெரியாத பலருடைய கைக்குப் போவது. இந்த வேலைக்கு அன்பே போதும் என்பதற்கு ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, ஸ்மோக்கி. 1944ல் நியூகினி காட்டில் ஒரு பதுங்கு குழியில் கிடைத்த இந்த யார்க்‌ஷயர் டெரியர், இரண்டு கிலோகூட எடை இல்லாதது. அமெரிக்கப் படைவீரர் வில்லியம் வின் அதை வளர்த்தார். டெங்கு காய்ச்சலில் அவர் படுத்தபோது நண்பர்கள் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவர, நர்ஸுகள் காயம்பட்ட வீரர்களிடமும் அதை அழைத்துப் போனார்கள். முதல் தெரபி நாய் என்ற பெயர் அதற்கு வந்தது இப்படித்தான். "எந்தத் தேர்வு எழுதியது ஸ்மோக்கி?" என்று கேட்கிறவர்கள் கதையின் மறுபாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பியில் நடக்கவும், கையால் செய்த ஸ்கூட்டரில் ஏறிப் போகவும் வின் அதைப் பழக்கியிருந்தார். அந்த அளவு பழக்கிய நாயைக் காட்டிப் பழக்கம் தேவையில்லை என்று வாதிடுவது துணிச்சல்தான்.

இரண்டாவது, இனம். கோல்டன் ரெட்ரீவர் என்றாலே பிறவித் தெரபி நாயாம். மேலே சொன்ன ஸ்மோக்கிக்கு இந்தச் செய்தி எட்டவில்லை.

மூன்றாவது, மேலங்கி. 'தெரபி' என்று எழுதிய துணியை முதுகில் கட்டிவிட்டால் கடை, ஓட்டல் எல்லாம் திறந்துவிடும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்த உரிமையைச் சேவை நாய்க்குத்தான் தருகிறது.

நான்காவது வாதம்தான் அதிகம் ஓடுகிறது: "நாய்க்கும் இது பிடிக்கும், வாலை எப்படி ஆட்டுகிறது பாருங்கள்!" மகிழ்ச்சியில் ஆடும் வால் பதற்றத்திலும் ஆடும். விறைத்து நிமிர்ந்து ஆடும் வால் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். வார்டில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது புரியும். கட்டிலில் இருக்கும் முதியவர் நாயின் தலையை இரு கையாலும் பிடித்து முகத்தோடு முகம் வைக்கிறார். நாய் அசையாமல் நிற்கிறது. "எவ்வளவு சாது!" என்று உறவினர்கள் போனை எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் நாக்கு ஒரு நொடி வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறது. பக்கத்தில் தின்பண்டம் எதுவும் இல்லை. தலை சற்றே விலகுகிறது, கண் ஓரத்துக்குப் போய் வெள்ளை தெரிகிறது. தூக்கமே வராமல் ஒரு கொட்டாவி. கட்டிலை விட்டு நகர்ந்ததும் மழையில் நனைந்த நாய்போல உடம்பை உதறுகிறது. போனில் விழுந்த படத்துக்கு 'நாயின் புன்னகை' என்று தலைப்புப் போடப்படுகிறது. நாக்கால் மூக்கை நக்குவது, தலையைத் திருப்புவது, கொட்டாவி விடுவது ஆகியவற்றை, நாய் சூழலைத் தணிக்கக் காட்டும் குறிகள் என்று நார்வே பயிற்சியாளர் துரித் ருகாஸ் விளக்கி எழுதியிருக்கிறார். அந்த நாய் விடை கேட்டுக்கொண்டிருந்தது, சுற்றி நின்றவர்கள் அதை விருந்தாகக் கொண்டாடினார்கள். உறுமியதற்காக அதட்டு வாங்கிப் பழகிய நாய் உறுமுவதையும் விட்டுவிடும், கடிப்பதை விடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லும் பழமொழி, குரைக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கும் நாயைப் பற்றி வாய் திறப்பதில்லை.

1977ல் தொடங்கி, நெடுங்காலம் டெல்டா சொசைட்டி என்று அறியப்பட்டு, 2012ல் பெயர் மாறிய பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு தெரபி நாய்களுக்கு வைக்கும் தேர்வு இதனால்தான் விநோதமாகத் தெரிகிறது. நாயைத் தாறுமாறாகத் தடவுகிறார்கள், இறுக அணைக்கிறார்கள், பின்னாலிருந்து இடிக்கிறார்கள், அதன் அருகே நின்று கோபமாகக் கத்துகிறார்கள், கூட்டமாகச் சூழ்கிறார்கள். நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், உரிமையாளரோடு ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். தேறிய பிறகும் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. பிடித்த வேலைக்கு இத்தனை வேலி எதற்கு என்று வால் வாதக்காரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாவது, "யாருக்கு என்ன கெடுதல்?" கனடா நாய்களை வைத்து நடந்து 2009ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மருத்துவமனைக்குப் போய்வந்த நாய்களிடம், மற்ற இடங்களுக்குப் போன நாய்களைவிட, மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அதிகம் தொற்றியிருந்தது. நோயாளிகளை நக்கிய நாய்களுக்கும், அவர்கள் கையால் தீனி வாங்கித் தின்ற நாய்களுக்கும் ஆபத்து கூடுதல். அன்பின் அடையாளம் என்று கொண்டாடப்படுபவை இந்த இரண்டும்தான். ஒவ்வொரு நோயாளியும் நாயைத் தொடும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்யவேண்டும் என்ற விதியும், பச்சை இறைச்சி தின்னும் நாயைச் சேர்ப்பதில்லை என்ற பெட் பார்ட்னர்ஸ் விதியும் கிருமியை மனதில் வைத்தே வந்தவை.

பெட் பார்ட்னர்ஸ் பதிவு நாய்க்கு மட்டும் கிடைப்பதில்லை. கயிற்றைப் பிடித்திருப்பவரும் நாயும் ஒரு ஜோடியாகத் தேர்வு பெறுகிறார்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேற வேண்டும். அதே வீட்டில் இன்னொருவர் அதே நாயை வார்டுக்கு அழைத்துப் போக விரும்பினால், அவரும் தனியாகத் தேர்வு கொடுக்க வேண்டும். மூக்கைத் தொட்டுப் போகும் அந்த நாக்கைக் கண்டவுடன் "இன்றைக்குப் போதும்" என்று சொல்லிக் கிளம்பத் தெரிந்திருக்க வேண்டியது கயிற்றைப் பிடித்திருப்பவருக்குத்தான்.