இரு கிருமிகளும் ஒரே கல்லீரலும்

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதனை அடுத்த ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மஞ்சட்காமாலை என்றவுடன் கீழாநெல்லியைத் தேடுவது தமிழர் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். கண் மஞ்சளித்தால் ஈரல் நோய். மஞ்சளிக்காவிடில் நோயில்லை என்பது பொதுமக்கள் போடும் கணக்கு. ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் இக்கணக்கைப் பொய்யாக்கிவிடுகிறது. இரத்தத்தின் வழியாகப் பரவும் இக்கிருமி, இருபது முப்பது ஆண்டுகள் வெளிக்குறி ஏதுமின்றிக் கல்லீரலை அரித்துக்கொண்டிருக்கும்.

எச்.ஐ.வி. தொற்றும் உடனிருப்பின் அத்தவணை சுருங்குகிறது. எச்.ஐ.வி. அழிப்பது சி.டி.4 எனும் வெள்ளணுக்களை. ஹெப்படைட்டிஸ் சி கிருமியைச் சிலருடைய உடல் தானாகவே விரட்டிவிடுவது உண்டு. அதற்குத் துணை நிற்பவை இவ்வணுக்களே. அவை குறைந்தபின் கிருமி இரத்தத்தில் மிகுதியாகப் பெருகுகிறது. குடற்சுவரின் காவலும் தளர்வதால் குடலிலுள்ள பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள்கள் கல்லீரலைச் சென்றடைந்து அழற்சியை வளர்க்கின்றன. நார்த்திசு விரைந்து படர்ந்து, ஈரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் நிலை முன்கூட்டியே வந்துவிடுகிறது. இரு தொற்றும் உடையவர்க்குக் கல்லீரல் முற்றிலும் பழுதடையும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது ஆய்வுகள் கண்ட முடிவு. எச்.ஐ.வி. மருந்து இவ்வேகத்தைத் தணிக்கும், முற்றும் நிறுத்தாது.

மணிப்பூரில் ஊசிவழி போதை மருந்து கொள்வோரிடையே இவ்விரட்டைத் தொற்று பரவலாகக் காணப்பட்டது. கருநாடகத்திலோ எச்.ஐ.வி. பெரிதும் பாலுறவு வழியே பரவியது. ஆகவே இரட்டைத் தொற்றும் இங்குக் குறைவே. இக்குறைவுதான் கவனக்குறைவுக்கு வித்திடுகிறது. குறைவு என்பது இன்மை ஆகாது. ஊசி கொள்பவரா என்று முகம் பார்த்து ஊகித்துப் பரிசோதனைக்கு அனுப்பும் முறை விடத்தக்கது. எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொருவருக்கும், மருந்து வாங்கும் அவ்விடத்திலேயே ஹெப்படைட்டிஸ் சி பரிசோதனை நடைபெறுதல் வேண்டும். மற்றொரு நாள், மற்றொரு கட்டடம் என்று சீட்டெழுதி அனுப்பினால், நாட்கூலியை இழந்து மீண்டும் வருவோர் எத்தனை பேர்?

முன்னாளில் இத்தகைய வற்புறுத்தலுக்குப் பயன் அதிகமில்லை. இன்டர்பெரான் ஊசி ஓராண்டு போட்டும் இரட்டைத் தொற்றுடையோரில் பாதிப்பேர்கூடக் குணமடையவில்லை. இன்றோ சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரைகள் பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வாரமே, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர், எச்.ஐ.வி. இருப்பதால் இப்பலன் குறைவதில்லை. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெப்படைட்டிஸ் தடுப்புத் திட்டம் இவற்றை இலவசமாக அளிக்கிறது. எச்.ஐ.வி. மருந்துகளுள் எபாவிரென்ஸ் போன்றவை டக்லடாஸ்விரின் அளவை மாற்ற வைப்பவை; டோலுடெக்ராவிர் அவ்வாறன்று. ஆதலின் நோயாளர் தாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுமாறு களப்பணியாளர் சொல்லிவைத்தல் நலம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சி.டி.4 மிகவும் குறைந்தவர்க்கு எதிர்ப்பொருள் பரிசோதனை, தொற்று இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். ஐயம் நீடித்தால் கிருமியின் ஆர்.என்.ஏ.யையே தேடல் வேண்டும்.

ஆசிரியர்க்கு உரிய பங்கு வேறு. உணவுத் தட்டினாலோ கைகுலுக்குவதாலோ இவ்விரு கிருமியும் பரவா. சவரக்கத்தி, பச்சைகுத்தும் ஊசி ஆகியவற்றைப் பலர்க்கும் பயன்படுத்துவதே தீது. எச்.ஐ.வி. உள்ள மாணவரைப் பள்ளியினின்று விலக்குதலை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு இருப்பதுபோல் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குணமடைந்தவரையும் அது மீண்டும் தொற்றும் என்பதையும் வகுப்பில் கூறலாம்.