டென்ட் போட ஓர் இடம் வேண்டும்

ஆவணி பிறந்துவிட்டால் சென்னைக்குத் தெற்கே படூரில் சனிக்கிழமை மாலைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பகலெல்லாம் புழுக்கம். நாலு மணிக்கு மேல் வண்டலூர்ப் பக்கம் வானம் கருக்கும். ஓ.எம்.ஆரில் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்துக்கு இடியும் மழையும் சேர்ந்து இறங்கும். ஞாயிறும் தூறலிலேயே போய்விடும். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் தங்கியிருக்கும் விடுதி அறைகளில் அப்போது கிளம்பும் பேச்சு இது: "அடுத்த லீவுக்கு எங்கேயாவது போய் டென்ட் போட்டுத் தங்கலாமா?"

ஏலகிரியா, ஏற்காடா, கொல்லிமலையா என்று வாட்ஸ்அப் குழுவில் விவாதம் ஓடும். யாரோ ஒருவர் இன்ஸ்டாகிராமில் பார்த்த விளம்பரத்தை அனுப்புவார். ஒரு போன் நம்பர், முன்பணம், முடிந்தது. அந்த நிலம் யாருடையது, வனத்துறை அனுமதி உண்டா, ராத்திரி காவலுக்கு யார் இருப்பார்கள், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு நம்பிப் போக, பக்கத்திலேயே ஓர் இடத்தை உருவாக்கித் தர வேண்டியது அரசின் கடமை.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து வார இறுதிக்குக் கிளம்பிய இளைஞர்கள், இளம்பெண்கள் அவர்களில் பலர். அவர்கள் நடந்த பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. கேரளத்தில் 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவரை யானை மிதித்துக் கொன்றது. டென்ட் போட உரிமம் பெறாத ரிசார்ட் அது.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் பூண்டி அருகே குடியம் குகைப் பாதையும் இதில் உண்டு. நல்ல திட்டம். ஆனால் இவை பெரும்பாலும் போய்விட்டு அன்றே திரும்புகிற நடைகள். ஓர் இரவு வெளியில் தங்கி, விறகடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, நட்சத்திரம் பார்க்க ஆசைப்படும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கும் இதேபோல ஓர் ஏற்பாடு வேண்டும்.

கடற்கரை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று தோன்றலாம். படூரிலிருந்து கேளம்பாக்கம் போய் இடப்பக்கம் திரும்பினால், உப்பளங்களையும் கழிமுகத்தையும் தாண்டிச் சற்று நேரத்தில் கோவளம். ஆனால் அங்கே மணலில் டென்ட் போட முடியாது, போடவும் கூடாது. கோவளம் கடற்கரை 2021இல் பன்னாட்டுத் தரச் சான்றான ப்ளூ ஃபிளாக்கைப் பெற்றது. அனுமதியற்ற முகாம் இருக்கக்கூடாது என்பது அந்தச் சான்றின் விதிகளில் ஒன்று. மேலும் இந்தக் கரை யாருமில்லாத வெற்றிடமும் அல்ல. விடியுமுன் படகு இறக்குவதும் வலை காயப்போடுவதும் அந்த மணலில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட ஏறி வருவதும் அங்கேதான். கரையில் வெளிச்சம் இருந்தால் அவை மிரண்டு திரும்பிவிடும்.

ஆகவே மணற்கரையை விட்டுக் கழிமுகக் கரைக்கு வர வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 35 கி.மீ. தள்ளி, முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. அதன் பெயரே 'மழைத்துளி'. அலையில்லாத நீர்ப்பரப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம், கொஞ்ச தூரத்தில் ஆலம்பரைக் கோட்டை. அங்கே ஒரு முகாமுக்கு வேண்டியவை: கழிப்பறை, குடிநீர், இரவுக் காவல், பத்து இருபது டென்ட்டுக்கு மேடான தரை, கையில் பணம் குறைந்தவர்களும் கொடுக்கக்கூடிய கட்டணம். இதற்கு மேல் ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. நடத்தும் வேலையை உள்ளூர் மீனவ இளைஞர்களிடமே கொடுக்கலாம். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுத்தருபவர்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருப்பதை இந்தக் கடற்கரை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்படி ஓர் இடம் இருந்தால், மழையில் டென்ட் போடும் விதத்தையும் அங்கேயே கற்றுத்தரலாம். இரும்பு முளை மணற்பாங்கான தரையில் நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, முழ ஆழத்தில் புதைத்து, அதில் கயிற்றைக் கட்ட வேண்டும். கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டைவிட ஒரு விரற்கடையாவது உள்ளடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்துப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். இந்தப் பக்கத்தில் ஆவணி மழை மாலைக்கு மேல்தான் வலுக்கும் என்பதால், நாலு மணிக்குள் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடுவது நல்லது. இடி கேட்டால் மரத்தடியும் வேண்டாம், டென்ட்டும் வேண்டாம். காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். புணே வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, பக்கத்தில் மின்னல் விழும் வாய்ப்பை முன்கூட்டியே எச்சரிக்கிறது.

சென்னை, செங்கல்பட்டுக் கரையோரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதம் வெளியில் தங்க ஏற்றதல்ல. பொங்கல் கழிந்தால் வானம் தெளியும், இரவு குளிரும், கொசுவும் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும். அப்போது இடம் தயாராக இருக்க வேண்டுமானால் இடத்தை அளப்பது, வெள்ளநீர் எதுவரை ஏறும் என்று பார்ப்பது, மீனவக் கிராமத்தாரிடம் பேசுவது எல்லாம் இந்த ஆவணியிலேயே தொடங்கியாக வேண்டும். சுற்றுலாத் துறை முதலியார்குப்பத்தில் ஒரே ஒரு முகாமையாவது வரும் பொங்கலுக்குள் திறக்கட்டும். அதுவரை, யாருக்காவது முன்பணம் அனுப்புமுன் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாதவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.