நானூறு நாள் சம்பளம் எங்கே தூங்குகிறது?

தோட்டம் கைமாறுகிறது, ஆள்குறைப்பு நோட்டீஸ் வருகிறது என்பது பேராக் தோட்டப்புறத்துக்குப் புதிய சங்கதி அல்ல. கித்தா மரம் சாய்ந்து செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் சாய்ந்து வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. இழப்பீட்டை வாங்கும்வரை நாம் போராடுகிறோம். வாங்கிய பிறகு அந்தப் பணம் என்ன ஆகிறது? அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. பணம் கைக்கு வந்ததோடு தன் வேலை முடிந்தது என்று சங்கமும் இருந்துவிடக் கூடாது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். இருபது வருடம் பால் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம். 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆக, கைக்கு வருவது 26,000 வெள்ளி.

"பணம் பேங்க்ல பத்திரமா கிடக்குதுங்க" என்பார்கள். பத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கணக்கில் கிடக்கிறது? சம்பளம் விழுகிற அதே சாதாரண சேமிப்புக் கணக்கில்! அங்கே வட்டி பல வங்கிகளில் ஆண்டுக்குக் கால் விழுக்காடு என்ற அளவில்தான் இருக்கிறது. 26,000 வெள்ளிக்கு வருடம் முழுவதற்கும் 65 வெள்ளி. நானூறு நாள் உழைப்பைத் தூங்க வைத்ததற்கு ஒரே ஒரு நாள் சம்பளம் கூலி! அதே தொகையை நிரந்தர வைப்பில் போட்டு இரண்டரை விழுக்காடு கிடைத்தால் 650 வெள்ளி. பத்து நாள் சம்பளம். ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. அந்தக் கணக்கில் 1,638 வெள்ளி. இருபத்தைந்து நாள் சம்பளம்.

நடப்புக் கணக்கு நமக்கு எதற்கு? செக் புத்தகம் வைத்திருப்பது ஒரு கௌரவம் என்று சிலர் நினைக்கிறார்கள். புல் வெட்டும் கொன்ட்ராக்ட், லோரி ஓட்டம் என்று வியாபாரம் செய்பவருக்கு அது வேண்டும். மற்றவருக்கு வேண்டாம், அதில் பெரும்பாலும் வட்டியே கிடையாது. "கூடுதல் வட்டிக் கணக்கு" என்று விளம்பரம் செய்வதையும் நிதானமாகப் படியுங்கள். சம்பளம் அதில் விழ வேண்டும், மாதம் இவ்வளவு கார்டில் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். பத்து வெள்ளி வட்டிக்காக ஐந்நூறு வெள்ளிச் சாமான் வாங்குவதா?

மூன்று, நான்கு மாத வீட்டுச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவிடுங்கள். மிச்சத்தை ஒரே நிரந்தர வைப்பாகப் போடாமல் மூன்றாகப் பிரித்து, வேறு வேறு தவணைக்குப் போடுங்கள். தவணைக்கு முன் எடுத்தால் வட்டி போய்விடும். பிள்ளையின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். மற்ற இரண்டும் வட்டியோடு நிற்கும். இப்போதைக்குத் தொட வேண்டியதில்லை என்கிற பணத்தைச் சேமநிதியில் சொந்தமாகக் கட்டலாம். சம்பள வேலை போய்ச் சொந்தமாகப் பிழைக்கிற, 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'இ-சாராஆன்' திட்டம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஏற்பாட்டில் 2,500 வெள்ளி கட்டினால் அரசாங்கம் 500 வெள்ளி சேர்த்துப் போடுகிறது. ஆனால் ஒன்று: 55 வயதுக்குக் கீழே இருந்தால், 2024 மே மாதத்திலிருந்து, கட்டுகிற பணத்தில் முக்கால் பங்கு ஓய்வுக்கால கணக்குக்குப் போகிறது. நினைத்த நேரத்தில் எடுக்க முடிவது பத்தில் ஒரு பங்குதான். அவசரப் பணத்தை அங்கே கட்டிவிட்டுத் தவிக்காதீர்கள்.

அடகுக் கடையில் தாலிக்கொடி கிடக்கும்போது வங்கியில் வட்டி தேடுவது வீண் வேலை. முதலில் நகையை மீட்டு வாருங்கள்.

எவ்வளவு வட்டி என்று கேட்பதற்கு முன் யார் பொறுப்பு என்று கேளுங்கள். வர்த்தக வங்கியில் போட்ட பணத்துக்கு, ஆளுக்கு வங்கிக்கு 250,000 வெள்ளி வரை பிடிம் என்னும் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் பொறுப்பு. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் இடத்தில் 1974இல் வந்த பேங்க் சிம்பானான் நேஷனலுக்கு அரசாங்கமே பொறுப்பு. கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தப் பிடிம் பாதுகாப்பு கிடையாது. 1960இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் நம் மக்கள். துண்டாடலுக்குப் போகவிருந்த தோட்டங்களை அந்தப் பணம் வாங்கியது. அதே 'கூட்டுறவு' என்ற பெயரில் வைப்புத்தொகை வாங்கிய 24 சங்கங்கள் 1986இல் முடக்கப்பட்டு, 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் மாட்டிக்கொண்டதும் இந்த நாட்டில்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'கூட்டு' பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பில் வந்து மாதம் பத்து விழுக்காடு தருகிறேன் என்கிறவன் யார், அவன் ஓடிப்போனால் எந்த ஆபீஸில் போய் நிற்பீர்கள்?

சேமநிதி ஆபீசுக்குப் போகும்போது வாரிசு நியமனத்தையும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை மட்டும் கொடுத்துவிட்டு மறந்துபோன தோழர்கள் நிறைய. அந்த அம்மா தவறியிருந்தால் நியமனம் செல்லாது. மனைவி, பிள்ளைகள்தான் பிறகு அலைய வேண்டும். அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு போனால் அன்றைக்கே மாற்றிவிட்டு வரலாம்.